ஒரு பனியன், பன்னிரண்டு பட்டறைகள், ஓர் ஆறு: திருப்பூர் பற்றிய நிகழ்வு ஆய்வு

திருப்பூரின் எந்தச் சந்தில் நின்றாலும் கால் மணி நேரத்துக்குள் ஒரு மூட்டை நம்மைக் கடந்து போகும். மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் ஒன்று, பின்சீட்டில் ஒன்று, ஓட்டுகிறவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி இன்னொன்று. வெட்டிய துணி தையலுக்குப் போகும். தைத்தது செக்கிங்குக்குப் போகும். நிட்டிங் முடிந்த ரோல் சாயப்பட்டறைக்குப் போகும். கோவையிலோ திண்டுக்கல்லிலோ நூற்ற நூல் கோன்களாக ஊருக்குள் நுழைந்து, அட்டைப்பெட்டியில் டி-ஷர்ட்டாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்புவதற்குள் பத்துப் பன்னிரண்டு வாசல்களை ஏறி இறங்கியிருக்கும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு முதலாளி, ஒரு ரேட், ஒரு டெலிவரி சலான்.

தொழில்மயம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஜாம்ஷெட்பூர், பிலாய், நெய்வேலி மாதிரி ஊர்கள்தான். பெரிய வளாகம், பெரிய முதலீடு, சங்கு ஊதினால் ஆயிரக்கணக்கில் உள்ளே போகும் ஆட்கள். திருப்பூருக்கு அப்படி எதுவும் வரவில்லை. அரசு ஆலை வரவில்லை. வெளியூர்ப் பெருமுதலாளி யாரும் வந்து ஊரை எழுப்பவில்லை. ஆனாலும் 1985இல் ஏறத்தாழ 15 கோடி ரூபாயாக இருந்த பின்னலாடை ஏற்றுமதி 2024-25இல் 40,000 கோடியைத் தொட்டது. ரூபாயின் மதிப்பு இடையில் எவ்வளவோ சரிந்துவிட்டது, அதனால் டாலரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் நியாயம். 1985இல் ஒரு டாலர் 12 ரூபாய்ச் சொச்சம், 2024-25இல் 84க்கு மேல். அப்படிப் பார்த்தாலும் ஒன்றேகால் கோடி டாலருக்குக் கிட்டத்தில் இருந்த வியாபாரம் 470 கோடி டாலராகியிருக்கிறது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஒரு ஊரிலிருந்து போகிறது.

இந்த வளர்ச்சியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஊர் முழுக்கப் பகிர்ந்துகொண்டதால்தான் திருப்பூர் வளர்ந்தது. அதே பிரிவினையால்தான் ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றுக்கு யாரும் பொறுப்பில்லாமல் போனார்கள். இரண்டையும் தனித்தனிக் கதையாக, ஒன்றைப் பெருமையாகவும் மற்றதை வருத்தமாகவும் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. என் அம்மாவின் ஊர் நொய்யலின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது, பெரியப்பா திருப்பூரில் பவர்டேபிள், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னத் தையல் பட்டறை, வைத்திருந்தார். எனக்கு இரண்டும் ஒரே வீட்டுக் கதை.

தோட்டத்திலிருந்து தறிக்கு

கொங்கு மேட்டு நிலம் வானம் பார்த்த பூமி. கிணறு வெட்டி, கம்போடியா ரகப் பருத்தி போட்டு, ஜின்னிங் ஃபாக்டரிக்கு விற்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே வேரூன்றிவிட்டது. ரயில் பாதையில் இருந்ததால் திருப்பூர் பஞ்சுச் சந்தையானது. காதி இயக்கக் காலத்தில் கதர் மையமாகவும் இருந்தது. கொடியை விடாமல் அடிபட்டு 1932 ஜனவரி 11 அன்று குமரன் உயிர்விட்டது இந்த ஊரில்தான். அதே ஆண்டுகளில் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது, நூற்பாலைகள் பெருகின. கைக்கு எட்டும் தூரத்தில் நூல் கிடைக்க ஆரம்பித்தது.

பின்னல் இயந்திரங்கள் 1920களிலும் 30களிலும் ஒவ்வொன்றாக வந்தன. அந்தக் காலத்தில் பனியன் என்றால் கல்கத்தாதான். அங்கே பார்த்துவிட்டு வந்து இங்கே இயந்திரம் போட்டவர்களில் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் முன்னோடிகள். காதர்பேட்டை இன்றைக்கும் உள்நாட்டு பனியன் வியாபாரத்தின் நடு மையம். ஆரம்பத்தில் தயாரானது வெறும் வெள்ளை உள்பனியன்தான். அறுபதுகளின் இறுதியில் வங்காளத்துத் தொழில் தகராறுகளாலும் மின்வெட்டாலும் கல்கத்தா தளர்ந்தபோது அந்தச் சந்தையில் பெரும்பங்கு இந்தப் பக்கம் நகர்ந்தது.

அப்புறம் நடந்ததுதான் இந்த நிகழ்வின் முதல் திருப்பம். கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போன காலம் அது. தோட்டத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத கவுண்டர் வீட்டுப் பையன்கள் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். தறி ஓட்டினார்கள், கட்டிங் கற்றுக்கொண்டார்கள், சிங்கர் மிஷினில் உட்கார்ந்தார்கள். பத்து வருடம் கழித்து அவர்களில் பலர் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். நிலத்தில் கொஞ்சம் விற்றது, மனைவியின் நகையை அடகு வைத்தது, சீட்டு எடுத்தது, மாமன் மச்சானோடு கூட்டு. மூலதனம் இப்படித்தான் சேர்ந்தது. வங்கிகள் பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதி ஆர்டரை நம்பித் தரும் கடன், கொடுக்க வரிசையில் நின்றதெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால். பெரியப்பாவிடம் எப்படி ஆரம்பித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நாலு பேரு சேந்து நாலு மிசினு வாங்கிப் போட்டோம் கண்ணு. ஆளுக்கொரு மிசின்ல நாங்களே ஒக்காந்துக்கிட்டோம். அவ்வளவுதான் கம்பெனி" என்றார்.

வேலை தெரிந்த முதலாளி என்பது சாதாரண விஷயம் இல்லை. ஓவர்லாக் தையலில் ஊசி தவறினால் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பவரிடம் வேலை வாங்குவதும், கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவரிடம் வேலை வாங்குவதும் ஒன்றாகாது. கழிவைக் குறைப்பது, அவசர ஆர்டருக்கு இரவெல்லாம் கூடவே நிற்பது, அடுத்த பட்டறையில் ஆள் கேட்டு வாங்குவது எல்லாம் அந்த அனுபவத்தில் வந்தவை. ஆனால் இந்த ஏணி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. அடகு வைக்க நிலமும், கூட்டுச் சேர உறவும் இருந்தவர்களுக்கு அது ஏணி. நிலமில்லாத தலித் தொழிலாளிக்கும், எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து பெரும் எண்ணிக்கையில் வந்து சேர்ந்த பெண்களுக்கும் அதே பட்டறையில் அதே மிஷின் இருபது வருடம் கழித்தும் வெறும் வேலைதான். உழைத்தால் முதலாளியாகலாம் என்று திருப்பூரைப் பற்றிச் சொல்லும்போது இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதிக் கதை.

வெளிநாட்டு ஆர்டர்

1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர், பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாக இந்த ஊருக்கு வந்தார். அவருக்கு வேண்டியிருந்தது வெள்ளை டி-ஷர்ட். உள்பனியன் தைத்துப் பழகிய ஊருக்கு அது பெரிய தாவல் இல்லை. 1981இல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடைச் சங்கிலி வந்தது. பம்பாய் இடைத்தரகர்களை விட்டுவிட்டு நேரடியாக ஏற்றுமதி செய்யக் கற்றுக்கொள்ள ஊருக்கு அதிக நாள் ஆகவில்லை. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் ஆ. சக்திவேல் தலைமையில் உருவானபோது ஆண்டு ஏற்றுமதி 300 கோடியை நெருங்கியிருந்தது. ஐந்தே வருடத்தில் இருபது மடங்கு. 1991 ஜூலையில் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்டது அந்த ஓட்டத்துக்கு இன்னொரு தள்ளு.

அந்தக் காலத்தில் ஆடை ஏற்றுமதிக்கு நாட்டுக்கு நாடு கோட்டா இருந்தது. 1974 முதல் 2004 இறுதி வரை நடந்த பல்லிழை ஒப்பந்த முறை அது. கோட்டா இருந்தால் சந்தை உறுதி, ஆனால் அதற்கு மேல் போக முடியாது. 2005 ஜனவரி 1இல் கோட்டா போனதும் சீனா விழுங்கிவிடும் என்ற பயம் ஊரெல்லாம் இருந்தது. விழுங்கவில்லை. திருப்பூர் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பத்து லட்சம் பீஸ் ஒரே டிசைனில் வேண்டும் என்றால் வாங்குகிறவர் வங்கதேசத்துக்கோ சீனாவுக்கோ போவார். சில ஆயிரம் பீஸ், பல கலர், பல சைஸ், ஒவ்வொன்றிலும் வேறு பிரிண்ட் என்றால் திருப்பூருக்கு வருவார். அப்படிப்பட்ட ஆர்டரைத் தூக்க, ஊரில் சிதறிக் கிடந்த சின்னச் சின்ன பட்டறைகள்தான் பொருத்தம்.

ஏன் சிறியதாகவே இருந்தார்கள்

மூன்று காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கின்றன. முதலாவது சட்டம். பின்னலாடை நெடுங்காலம் சிறுதொழில்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட பட்டியலில் இருந்தது, 2000களின் முதல் பாதி வரை. இயந்திர முதலீடு ஒரு வரம்பைத் தாண்டினால் பட்டியலுக்கு வெளியே போய்விடுவோம் என்பதால் வளர்ந்தவர்கள் ஒரே கம்பெனியைப் பெரிதாக்காமல் தம்பி பேரில் ஒன்று, மனைவி பேரில் ஒன்று என்று பிரித்தார்கள்.

இரண்டாவது, தொழிலாளர். தொழிற்சங்கம் பலமாக இருந்த ஊர் திருப்பூர் என்பது இன்றைய இளைஞர்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நான்கு மாதத்துக்கு மேல் தறி ஓடவில்லை. தொழிலாளர் பஞ்சப்படியை வாங்கினார்கள். ஆனால் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் வேலை பெரிய கூரைகளிலிருந்து மெல்ல வெளியே போய்விட்டது. நூறு பேர் ஒரே இடத்தில் இருந்தால் கேட்கக்கூடியதை, எட்டு பேர் இருக்கும் பவர்டேபிளில் எப்படிக் கேட்பது? அந்த எட்டு பேரில் இரண்டு பேர் முதலாளியின் சொந்தக்காரர்கள் வேறு. வேலையை வெளியே கூலிக்குக் கொடுக்கும் ஜாப் ஒர்க் முறை பரவியதற்கு அந்த வேலைநிறுத்தம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அது ஏற்கெனவே இருந்த முறைதான். ஆனால் அதை வேகப்படுத்தியது என்பது என் கணிப்பு.

மூன்றாவது, ஆர்டர் வரும் விதம். ஐரோப்பாவின் கோடைக்கும் குளிருக்கும் ஏற்ப ஆர்டர் குவியும், வடியும். குவியும்போது நாற்பது மிஷின் வேண்டும், வடியும்போது பத்துப் போதும். அந்த முப்பது மிஷினையும் சொந்தமாக வாங்கிப் போட்டு வைத்திருந்தால் வடிகிற மாதத்தில் வட்டி தின்றுவிடும். வெளியே கொடுத்தால் அந்தச் சுமை பவர்டேபிள்காரர் தலையில். அவர் தன் பங்குக்கு அதைத் தொழிலாளர் தலையில் இறக்குவார்: பீஸ் ரேட்டுக்கு வேலை, வேலை இருந்தால் கூலி. சீசனில் பன்னிரண்டு மணி நேர ‘ஒன்றரை ஷிப்ட்’, மற்ற நாளில் சனிக்கிழமைச் சம்பளக் கவர் மெலிந்திருக்கும். கம்பெனி வாசலில் வெளிநாட்டு பையரின் ஆடிட் நடக்கும். தீயணைப்புக் கருவி இருக்கிறதா, வயதுச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு தெரு தள்ளி எட்டு மிஷின் ஓடும் ஓட்டுக் கட்டடம் அந்தப் பட்டியலில் இருக்காது. தொண்ணூறுகளில் குழந்தைத் தொழிலாளர் அதிகம் இருந்ததும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

இந்த முறை லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது. நேரடியாக மட்டும் ஆறு லட்சம் பேர் என்று ஊரில் கணக்குச் சொல்கிறார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பின்னால் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அசாம். 2011 கணக்கெடுப்பில் நகரமும் சுற்றுப்புறமும் சேர்ந்து ஒன்பதரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2009இல் தனி மாவட்டமும் ஆனது. மழை பொய்த்த ஊர்களுக்கு மாதம் தவறாமல் பணம் போகிறது என்றால் அதில் திருப்பூரின் பங்கு பெரிது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

உப்பு எங்கே போயிற்று

வெள்ளை டி-ஷர்ட் மட்டும் விற்றுக்கொண்டிருந்தால் நொய்யலுக்கு இவ்வளவு கேடு வந்திருக்காது. சந்தை கலர் கேட்டது. 1980களின் தொடக்கத்தில் சில டஜன் சாயப்பட்டறைகள் இருந்த ஊரில் 1990களின் இறுதியில் எண்ணூறுக்கும் மேல் ஆகிவிட்டன.

சாயத்தின் வேதியியலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், எல்லாம் அங்கேதான் இருக்கிறது. தண்ணீரில் நனைந்த பருத்தி இழைக்கு எதிர்மின் தன்மை உண்டு. ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே எதிர்மின் தன்மை. ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தை இழைக்குள் போக வைப்பது உப்பு. அடர்ந்த கலருக்கு லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம் என்று போடுவார்கள். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் சாயக்குளியல் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 60 கிராம் என்றால் 600 கிராம் உப்பு. பழைய வின்ச் இயந்திரத்தில் குளியல் இருபது லிட்டர் பிடிக்கும், அதில் உப்பு ஒரு கிலோ இருநூறு. துணியை விட உப்பின் எடை அதிகம். இந்த உப்பில் ஒரு துளிகூடத் துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் அத்தனையும் கழிவுநீரில் வந்துவிடும். அதற்குப் பின் சோப்பு, அலசல், மறுபடி அலசல் என்று இன்னும் பல மடங்கு தண்ணீர்.

சாயத்தின் நிறம் கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லோரும் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நிறத்தைச் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு ஓரளவு இறக்கிவிடலாம். கரைந்த உப்பை இறக்க முடியாது. தொண்ணூறுகளின் பின்பாதியில் அரசு மானியத்தோடு கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் குறை இதுதான். ஆண்டிபாளையம், மண்ணரை, சின்னக்கரை, வீரபாண்டி என்று சாயப்பட்டறைகள் கூடிய இடங்களிலெல்லாம் கட்டினார்கள். அவற்றுக்குள் போன தண்ணீர் நிறம் வெளுத்து வெளியே வந்தது, உப்பு அப்படியே இருந்தது. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு விதி. அந்த நிலையங்களால் அதை எட்டவே முடியாது, அவை அதற்காக வடிவமைக்கப்படவில்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் சின்ன ஆறு நொய்யல். ஆண்டில் பெரும்பகுதி அதில் தண்ணீரே இருக்காது. திருப்பூருக்குக் கீழே அதில் ஓடியது பட்டறைத் தண்ணீர்தான். திருப்பூரிலிருந்து முப்பது கிலோமீட்டர்ச் சொச்சத்தில், சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992இல் முடிந்தது. எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே சில ஆண்டுகளில் அந்தத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. தேங்கி நின்ற உப்புநீர் நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. அம்மா ஊரில் என் தாத்தாவின் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. தென்னை மட்டைகள் நுனியிலிருந்து காயும், குரும்பை உதிரும். மஞ்சள் போடுவதை விட்டுவிட்டார்கள். எருமைகூட அந்தத் தண்ணீரில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அந்த வீட்டிலிருந்து இரண்டு மாமன்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். ஒருவர் சேர்ந்த இடம் ஒரு சாயப்பட்டறை.

திருப்பூர் தனக்கு வேண்டிய நல்ல தண்ணீருக்கு வேறு வழி பார்த்துக்கொண்டது. முதலில் சுற்றுவட்டாரக் கிராமக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக வாங்கினார்கள். அப்புறம் பவானி அருகே ஆற்றிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் ஆயிரம் கோடி ரூபாய்ச் செலவில் 2005 வாக்கில் நிறைவேறியது. தனியார் பங்கோடு நடந்த இந்தியாவின் முதல் பெரிய குடிநீர், தொழில்நீர்த் திட்டங்களில் அது ஒன்று. உள்ளே வரும் தண்ணீருக்கு இவ்வளவு பெரிய ஏற்பாட்டை ஊர் கூடிச் செய்ய முடிந்தது. வெளியே போகும் தண்ணீருக்கு ஏன் முடியவில்லை?

தனித்தனிப் பட்டறைக்காரர்களைக் கொடுமைக்காரர்களாகப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. சாயப்பட்டறைக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று ரேட் பேசி வேலை எடுக்கிறார். பக்கத்துப் பட்டறை ஐம்பது பைசா குறைத்தால் ஆர்டர் அங்கே போய்விடும். ஒருவர் மட்டும் உப்பைப் பிரிக்கும் இயந்திரம் போட்டால் அவர் ரேட் ஏறும், மூன்று மாதத்தில் பட்டறையை மூடுவார். துணியின் சொந்தக்காரரான ஏற்றுமதியாளர், சாயம் போடுவது என் வேலை இல்லை என்பார். பையருக்கோ அந்தப் பட்டறை இருப்பதே தெரியாது. ஆர்டரின் ஏற்ற இறக்கச் சுமையைக் கீழே கீழே தள்ளிவிட்ட அதே சங்கிலி, உப்பையும் கீழே கீழே தள்ளிவிட்டது. சங்கிலியின் கடைசிக் கண்ணி ஒரத்துப்பாளையம்.

நீதிமன்றக் கதவு

நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் சங்கம் 2003இல் சென்னை உயர் நீதிமன்றம் போனது. சுற்றுச்சூழல் இழப்பை மதிப்பிட அமைக்கப்பட்ட ஆணையம், 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. கேட்கப் பெரிய தொகை. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு தென்னந்தோப்பு காய்ந்து, கிணறு கெட்டு, நிலத்தின் விலையே விழுந்த குடும்பத்துக்கு அது.

2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத நிலைக்கு 2007 ஜூலைக்குள் வர வேண்டும், அதுவரை வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் கட்ட வேண்டும் என்றது. லிட்டருக்கு 6 பைசாவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறும் அபராதம். சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அதுவும் விவசாயிகள் பக்கமே நின்றது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், அணையைச் சுத்தம் செய்யும் செலவும் அவர்களுடையதே என்றது. அப்படியும் உப்புநீர் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மொத்தமாக மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

அந்த வருடத்தின் திருப்பூரைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சாயம் நின்றால் கட்டிங் நிற்கும், கட்டிங் நின்றால் தையல் நிற்கும். துணியை லூதியானா வரை அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள். ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் அனுமதி இல்லாத பட்டறைகள் முளைத்தன, உப்பு ஆறு மாறி ஓடியது. வீடுகளைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனவர்கள் ஏராளம். தீர்ப்பால் முதலில் அடிபட்டது தவறு செய்த முதலாளிகளை விட எளியவர்கள்தான் என்று ஊரில் பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் உண்மை இருந்தது. கீழே ஆயக்கட்டில் பதினைந்து வருடமாக அடிபட்டுக்கொண்டிருந்தவர்களும் எளியவர்கள்தான் என்பதும் உண்மை.

பிரிந்து கிடந்த பட்டறைகள் சேர்ந்து நின்றால்தான் தீர்வு உண்டு என்பதை ஊர் அப்போதுதான் முழுசாக ஒப்புக்கொண்டது. மாநில அரசு ஏறத்தாழ 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொது நிலையங்கள் மறுபடி கட்டமைக்கப்பட்டன. முதலில் உயிரியல் முறையில் அழுக்கை இறக்குவது, அப்புறம் சவ்வு வடிகட்டிகள், எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.), மிஞ்சிய அடர்ந்த உப்புநீரைப் பல அடுக்கு ஆவியாக்கிகளில் காய்ச்சுவது. நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்பி வரும். அருள்புரம் நிலையத்தில் ஒரு நல்ல யோசனையை நடத்திக் காட்டினார்கள்: உப்புநீரை முழுக்கக் காய்ச்சி வற்ற வைப்பதற்குப் பதில், சுத்தம் செய்து அதே உப்புக் கரைசலாக அடுத்த சாயக்குளியலுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். புது உப்பு வாங்கும் செலவும் குறைந்தது, காய்ச்சும் விறகும் குறைந்தது. இந்த முழு நிகழ்விலும் எனக்கு மிகவும் நிறைவு தரும் இடம் அதுதான். தடை வந்த பிறகு, வேறு வழியில்லாமல் யோசித்து, உள்ளூரிலேயே எட்டிய தீர்வு.

சாயக் கூலி கிலோவுக்கு ஏறியது. ஏறட்டும். அதுவரை அந்தச் செலவு இல்லாமல் இல்லை, என் தாத்தா மாதிரி ஆட்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்டர் ஓடிவிடும் என்று பயந்தது நடக்கவில்லை. 2010-11இல் பன்னிரண்டாயிரம் கோடிக்குப் பக்கத்தில் இருந்த ஏற்றுமதி பத்தாண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. இன்றைக்குத் திருப்பூர்க் கம்பெனிகள் பையர்களிடம் காட்டும் பிரசுரத்தின் முதல் பக்கத்தில் கழிவுநீர் மறுசுழற்சிதான் இருக்கிறது.

மீதமிருப்பது

வளர விரும்பும் வேறு ஊர்களுக்கு இந்த நிகழ்வைக் காட்டும்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன. பெரிய ஆலை இல்லாமலும் தொழில் வளரும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வது ஒன்று. திருப்பூரா, ஆற்றைக் கெடுத்த ஊர் என்று தள்ளிவிடுவது இன்னொன்று. சிறு பட்டறைகள் கூடும் தொழிலில் சுத்திகரிப்பு, சாலை, பயிற்சி மாதிரியான பொதுச் செலவுகளை முதல் நாளிலேயே கூட்டாகப் போட்டுவிட வேண்டும். பட்டறை எண்ணூறு ஆன பிறகு போட்டால் அதற்கு நீதிமன்றமும், மூடலும், ஒரு தலைமுறை விவசாயமும் தேவைப்படுகின்றன. நூறு பட்டறை இருந்தபோதே அந்த அடர் உப்புக்கு வழி கண்டிருந்தால் கிலோவுக்குச் சில ரூபாயோடு முடிந்திருக்கும்.

தொழிலாளர் பக்கம் அப்படியொரு தீர்ப்பு இன்னும் வரவில்லை. 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதியாளர்கள் டெல்லிக்குப் போய்ப் பேசினார்கள், பையர்களோடு தள்ளுபடி பேசினார்கள். நியாயமான வேலைதான். அதே வாரங்களில் பவர்டேபிள்களில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டானது, ஒரு ஷிப்ட் வாரத்தில் நாலு நாளானது. அவர்களுக்காகப் பேச்சுவார்த்தை மேஜையில் யாரும் இல்லை. ஆர்டர் வடியும் மாதங்களில் பீஸ் ரேட்காரர்களுக்குக் கைகொடுக்க ஒரு பொது நிதி, ஒவ்வொரு ஏற்றுமதி பீஸுக்கும் சில பைசா வைத்தால் எழும். தண்ணீருக்குப் பைசாக் கணக்குப் போடக் கற்ற ஊர் இது. இதற்கும் போடலாம்.

ஒரத்துப்பாளையம் அணையின் மதகு இப்போதும் பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. வரும் மழைநீர் நிற்காமல் ஓடிவிடட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அம்மா ஊரில் நல்ல மழை பெய்த வருடங்களில் கிணற்றின் உவர்ப்பு கொஞ்சம் குறைகிறது. மாமா இரண்டு வருடம் முன்பு வேலி ஓரமாகப் பத்துத் தென்னங்கன்று வைத்தார், ஏழு பிழைத்திருக்கின்றன. சுத்திகரிப்பு நிலையங்களில் ஆவியாக்கியின் அடியில் கடைசியாக மிஞ்சும் கலப்பு உப்பை யாரும் வாங்குவதில்லை. சாக்குகளில் கட்டித் தகரக் கொட்டகைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கொட்டகை நிறைந்தால் அடுத்த கொட்டகை. ஐப்பசி மழைக்கு முன்னால் மேலே போட்ட தார்ப்பாயை மாற்றுகிறார்கள்.